கணேசலிங்கத்துக்கு நின்ற ஒரேயொரு ஒப்பந்தம்

1.

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. ஹெலன்ஸ்பர்க் கோயிலிலிருந்து திரும்பும்போது என் காரில் இடம் கேட்டு ஏறிய யோகா, பரமட்டா வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும், கடிதத்துக்குக் குறிப்பு எடுப்பதுபோல, நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைத்தேன். கதையாக்க உட்கார்ந்தபோது முதல் வாக்கியம் இப்படி வந்தது:

2003ஆம் ஆண்டு, கிரவீனில் வாங்கிய தங்கள் முதல் வீட்டில் யோகாவும் அவள் கணவன் சிறியும் வெளிச்சத்தை

நிறுத்திவிட்டேன். வெளிச்சம் என்று எழுதினால் அடுத்த பந்தியில் இருள் வந்து நிற்கும். இது மின்சாரத்தைப் பற்றிய கதை என்பதால் அந்த வசதி எனக்கு வேண்டாம்.

வேறு விதமாகத் தொடங்குகிறேன். அந்த நாட்களில்தான் மின்சாரத்தையும் கேஸையும் எந்தக் கம்பெனியிடம் வாங்குவது என்பதை வீட்டுக்காரரே தீர்மானிக்கலாம் என்று ஆகியிருந்தது. கம்பெனிகள் வீடு வீடாக ஆள் அனுப்பின. யோகாவின் வீட்டுக்கு வந்தவர் கணேசலிங்கம்.

2.

வீட்டில் பெட்டிகள் பிரிபடவில்லை. இருந்தது ஒரு கதிரை. அதில் அவரை இருத்தினார்கள்.

"கரண்டும் கேஸும் ஒரே பில்லில வரும், பிள்ளை. கொஞ்சம் மலிவு. வடிவா வாசிச்சுப் பாருங்கோ, அவசரமில்லை."

சிறி யோகாவைக் குசினிக்குள் கூப்பிட்டான்.

"கதவடியில கையெழுத்து வைக்கிறவன் மடையன் எண்டு வேலையிடத்தில சொல்லுறாங்கள்."

"அப்ப வேண்டாம் எண்டு சொல்லுங்கோவன்."

"நீ சொல்லு."

"நானோ? அந்தாள் என்ர பெரியண்ணை மாதிரி இருக்குது."

"அப்ப வை. பத்து நாளுக்குள்ள போன் அடிச்சு ஒப்பந்தத்தை வெட்டலாமாம். சட்டமே இருக்கு. ஆரும் முகத்தைப் பாக்கத் தேவையில்லை."

யோகா கையெழுத்து வைத்தாள். தேத்தண்ணி கொடுத்தார்கள். வாசலில் சப்பாத்துப் போட்டபடி அவர், "மனுசியும் பிள்ளையளும் கொழும்பில நிக்கினம். இந்த வேலை நிரந்தரமானா கூப்பிடலாம். போட்டு வாறன்" என்றார்.

(இந்த இடத்தில் அவருடைய பழைய வாழ்க்கையை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். இரக்கம் கூடியது, கதை நின்றுவிட்டது. கிழித்துவிட்டேன்.)

3.

சிறியைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. முதல் பிரதியில் அவனைக் கெட்டவனாக்கினேன். பொருந்தவில்லை. கெட்டவன் என்றால் கதவைச் சாத்தியிருப்பான். சிறி அவருக்குக் கட்லட் சூடாக்கிக் கொடுத்தவன். மழை தூறுகிறதென்று குடை நீட்டியவன். அவன் செய்ததில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. அதுதான் என் தொல்லை.

கம்பெனிக்குப் போன் அடித்தது யோகா. அடுத்த முனையில் இருந்த பெண், முகவர் மீது முறைப்பாடு ஏதும் உண்டா என்று கேட்டாள். இல்லை, மிக நல்ல மனிதர் என்றாள் யோகா. ஒப்பந்தம் வெட்டுப்பட்டது.

4.

இரண்டு நாள் கழித்து, சிறி வேலைக்குப் போயிருந்த நேரம், கணேசலிங்கம் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தெருவோரத்தில் எவரோ எறிந்தது. ஆடிய காலுக்குத் தானே ஆணி அடித்திருந்தார்.

"ஒண்டுதானே கிடந்தது. ரெண்டு பேரும் ஒண்டா இருந்து சாப்பிட வேணும்."

யோகா தேத்தண்ணி போட்டாள். குடித்துக்கொண்டே சொன்னார்.

"எங்கட சனம் ஒருத்தரும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, பிள்ளை. எல்லாரும் இருத்தி, தேத்தண்ணி தந்து, கையெழுத்தும் வச்சினம். பிறகு போன் அடிச்சு வெட்டிப்போட்டினம். வெள்ளைக்காரர் கதவைச் சாத்துவினம். அது பரவாயில்லை, அடுத்த வீட்டுக்குப் போகலாம். எங்கட சனத்திட்ட ஒரு பின்னேரம் முழுக்கப் போயிடும்."

"நான் கதைக்கிறதில என்ன பிழை? நீங்கள் சொல்லுங்கோ" என்று கேட்டார்.

யோகா சீனிப் போத்தலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்கட ஒண்டுதான் நிக்குது. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒண்டாவது வெட்டுப்படாம நிண்டா வேலையில வச்சிருக்கிறன் எண்டவன் சூப்பர்வைசர்."

யோகா வெட்டிய செய்தி அவருடைய பட்டியலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் அவர் பை திறந்து கிடந்தது, உள்ளே வெற்றுப் படிவங்கள். புதிதாக ஒரு கையெழுத்து வைத்தால் போதும். அதற்கு முன்னால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

"இன்னொரு தேத்தண்ணி போடட்டோ அண்ணை?" என்றாள்.

5.

முடிவுகள்.

(அ) வெட்டியதை அவள் சொல்லிவிடுகிறாள். அவர் சிரிக்கிறார், படிவத்தை எடுக்கிறார். எழுதினேன், நன்றாகவும் வந்தது. மறுநாள் வாசித்தபோது நம்ப முடியவில்லை. இதைச் சொல்லக்கூடிய யோகா முதல் நாளே வேண்டாம் என்று சொல்லியிருப்பாள்.

(ஆ) அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கதிரையோடு வந்தார். அவள் தானாகச் சொல்ல ஒரு இடம் கொடுத்துப் பார்த்தார். இதை நானாக யோசிக்கவில்லை. யோகாவே கார் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னது. "அப்பிடி இருக்குமோ அங்கிள்?" என்றும் கேட்டாள்.

(இ) நடந்தது. இரண்டாவது தேத்தண்ணியையும் குடித்தார். நன்றி சொன்னார். போனார். பிறகு அவரை அந்தப் பக்கம் யாரும் காணவில்லை. என்ன ஆனார் என்று கிரவீனில் எங்கள் ஆட்கள் எவரும் எவரிடமும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் தானும் வெட்டியதைச் சொல்ல வேண்டி வரும்.

6.

பரமட்டாவில் இறங்கும்போது யோகா கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"கதையில எண்டாலும் என்னைச் சொல்ல விடுங்கோ அங்கிள்."

"ஓம், ஓம். வடிவா எழுதுவம்" என்றேன். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது.

(அ)வைத் தள்ளிவைத்த பிறகு, அவள் சொல்லும் பக்கத்தைத் திரும்பவும் மூன்று முறை தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் இவ்வளவோடு நிற்கிறது:

"அண்ணை, உந்த ஃபோர்ம் ஒண்டு எடுங்கோ. நான் முந்தநாள்

வாசகரே, மிச்சத்தை நீங்கள் எழுதுவீர்களா? அவர் இன்னும் கதிரையில்தான் இருக்கிறார். கோப்பையில் அரைவாசி மிச்சமிருக்கிறது. ஆனால் ஒன்று. எனக்காக ஓம், எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். முடியாதென்றால் மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.