வீட்டுக்கு ஒன்று

அந்த மாத்திரையைத் தின்றுவிட்டு வாந்தி எடுக்காத மனிதனை நான் பார்த்ததில்லை. ஆற்றங்கரைத் தங்கக் குழிகளில் மோட்டார் இன்ஜினைத் தனியாளாகத் தூக்குகிறவன்கூட என் முன்னால் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், இதுக்கு அந்த நோயே தேவலை" என்று அழுவான். அனக்லெத்தோ மட்டும் அழவில்லை. வாராவாரம் படகில் பாதி வழியும் லாரியின் பின்பக்கத்தில் மீதி வழியும் வந்து சேருவான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்காருவான்.

"வாந்தி?"

"இல்ல சிஸ்டர்."

"குமட்டல்?"

"லேசா. பெருசா ஒண்ணுமில்ல."

"உனக்கு இருக்கறது வயிறா, சிமெண்டுத் தொட்டியா?"

அவன் சிரிப்பான். சிரித்தால் மூக்கில் விசிலடிக்கும். நடுத்தண்டு அப்போதே ஓட்டையாகியிருந்தது.

எங்கள் பக்கத்துக் காட்டில் மணல் ஈ கடித்தால் முதலில் காலிலோ கையிலோ ஒரு புண் வரும். ஜனங்கள் பாட்டரித் தண்ணீரை ஊற்றியோ, பழுக்கக் காய்ச்சிய கரண்டியை வைத்துச் சுட்டோ அதை ஆற்றிவிடுவார்கள். ஆறியதும் மறந்துவிடுவார்கள். கிருமி மறக்காது. வருஷங்கள் கழித்து மூக்குக்குள் போய்க் குடியேறி, முதலில் மூக்கைத் தின்னும், பிறகு அண்ணத்தை, கடைசியில் குரலை. எஸ்புந்தியா என்பார்கள். இதற்கு நரம்பில் போடும் ஊசி ஒன்று உண்டு. சிலருக்கு அது இதயத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஊசிக்குப் பதில் மாத்திரையே போதுமா என்று பார்க்கத்தான் எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவில் டாக்டர் கிரிமனேசா ஆய்வு நடத்தினாள். நான் அந்த ஆய்வின் நர்ஸ். அதட்டுவது, கொஞ்சுவது, வாளி கழுவுவது எல்லாம் என் வேலை.

முதல் நாள் அனக்லெத்தோவோடு அவன் பெண்டாட்டி நிகனோராவும் வந்திருந்தாள். முதுகில் கட்டிய துணிக்குள் கைக்குழந்தை. கண்ணுக்குக் கீழே சால்வையை இழுத்து மூடியிருந்தாள். அவன் தங்கம் அலசிய கூடாரத்தில்தான் அவள் சமைத்தாள். ஒரே ஈ, ஒரே நோய். ஊசியை அவளுக்கு முன்பே போட்டுப் பார்த்திருந்தார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகி, பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"உனக்கு இப்ப மாத்திரை தர முடியாது, தாயி" என்றேன். "பாலோட பிள்ளைக்குப் போயிடும். பால் மறக்கடிச்சுட்டு வா, அப்புறம் பார்க்கலாம்."

சரி என்று தலையாட்டினாள். எங்கள் மலை ஜனம் எல்லாவற்றுக்கும் தலையாட்டும். அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. கஷ்டகாலம் பிடித்த கூடாரத்து வாழ்க்கை, குழந்தையைப் பிடிக்க ஆளில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

அனக்லெத்தோவுக்கு நன்றாகத்தான் ஆறிக்கொண்டு வந்தது. மூக்குக்குள் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டரம்மா என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். பொருக்கு உதிர்ந்து, ரத்தக் கசிவு நின்று, சதை இளஞ்சிவப்பாக இருந்தது. மாத்திரை முடிந்தது. காலி அட்டைகளை ஒழுங்காக ரப்பர் போட்டுக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். இந்த மாதிரி ஒரு நோயாளியை அச்சில் வார்த்து எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பலாம் என்று சொன்னேன்.

மழை பிடித்ததும் எல்லாம் திரும்பி வந்தது. இந்தத் தடவை மூக்கு நுனியே சரிந்துவிட்டது. பேச்சு கரகரத்தது. டாக்டரம்மா கேமராவை வெளியே எடுத்துவிட்டு வெகுநேரம் கையுறையைக் கழற்றாமல் நின்றாள். அவளுக்கு இது ஒரு நோயாளியின் தோல்வி மட்டும் இல்லை. மாத்திரையை முழுசாக, வாந்தியே எடுக்காமல் முடித்தவனுக்கே கேட்கவில்லை என்றால் மற்றவர்களுக்கு என்ன சொல்வது?

அன்றைக்கு நிகனோராவும் வந்திருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை டாக்டரம்மாதான் உள்ளே கூப்பிட்டாள். மனசு கேட்காமல்தான். "வந்தது வந்தீங்க, உங்களையும் பார்த்துடறேன்" என்று நாற்காலியில் உட்கார வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"எதல்மிரா, இந்தப் புண்ணு நடுவுல பாதி ஆறியிருக்கு. ஆறிட்டுத் திரும்பியிருக்கு. இவங்களுக்கு யார் மருந்து குடுத்தது?" என்று என்னைக் கேட்டாள்.

நான் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அனக்லெத்தோவே சொல்லிவிட்டான். ஒளிக்கவில்லை. கொஞ்சம் பெருமை கூட இருந்தது அவன் முகத்தில்.

"ரெண்டு பேரும்தானே சாப்பிட்டோம், டாக்டரம்மா. ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவளுக்கு. ஒண்ணைக்கூட வீணாக்கல."

"பிள்ளை?" என்றாள் டாக்டரம்மா.

"அது நல்லா இருக்கு" என்றாள் நிகனோரா. "சிஸ்டர்தான் சொன்னாங்களே, பால்ல போயிடும்னு. முத மாத்திரையை வாயில போடறதுக்கு முன்னாடியே கத்தாழைச் சாறு தடவி மறக்கடிச்சுட்டேன். ரெண்டு ராத்திரி ஊரைக் கூட்டுச்சு. அப்புறம் மரவள்ளிக் கஞ்சிக்குப் பழகிடுச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையிலிருந்த கிண்ணம் எகிறி விழுந்தது.

"அடிப்பாவி! மறக்கடிச்சுட்டேன்னு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உனக்குன்னு தனியா முழுசா குடுத்திருப்போமேடி! அலமாரி நிறைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே! ஒரு வார்த்தை! வாயில என்ன கொழுக்கட்டையா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஏதோ புரியாத பாஷையில் பேசிவிட்டது போல.

"தனியாவா?" என்றான் அனக்லெத்தோ. "வீட்டுக்கு ஒண்ணுதானே குடுப்பாங்க, சிஸ்டர்?"

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? கூரைத் தகரம் வீட்டுக்கு ஒரு கட்டு. பால் டின் வீட்டுக்கு ஒண்ணு. வெள்ளம் வந்தப்ப கம்பளி வீட்டுக்கு ஒண்ணு. எங்க பக்கத்துக் கூடாரத்துக்காரன் ரெண்டாவது கம்பளி கேட்டான்னு, முதல்ல குடுத்ததையும் பிடுங்கிட்டுப் போனாங்க. அவளையும் கூட்டிட்டு வந்து கேட்டா, எனக்குக் குடுக்கறதையும் நிறுத்திடுவீங்கன்னு பயந்தோம். அவளை எதிர்ல வெச்சுக்கிட்டு நான் மட்டும் எப்படி முழுங்கறது?"

அவன் பிறந்ததிலிருந்து அரசாங்கம் கொடுத்த எல்லாமே அப்படித்தான் வந்திருக்கிறது. எங்கள் மாத்திரை மட்டும் அப்படி இல்லை என்று அவனுக்கு எந்தச் சாமி கனவில் வந்து சொல்லும்?

டாக்டரம்மா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னாள். பாதி மருந்து பாதி குணம் இல்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதோடு போனாலும் பரவாயில்லை, கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டிருக்கும். இனி இரண்டு பேருக்கும் இந்த மாத்திரை உதவும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை.

"அப்ப?" என்றான்.

"வேற மருந்து ஒண்ணு இருக்கு. குளுக்கோஸ் மாதிரி பாட்டில்ல ஏத்தறது. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு எடுக்கணும். மாத்திரை கேக்காதவங்களுக்குன்னு ஆய்வுல ஒதுக்கி வெச்சிருக்கோம். நீங்க விதியை மீறிட்டீங்க, ஆனா உங்க பேர் ஆய்வுல இருக்கு. உங்களுக்குக் கிடைக்கும்."

"அவளுக்கு?"

டாக்டரம்மா ஆய்வுப் பதிவேட்டைத் திறந்து, திரும்ப மூடினாள்.

"அப்ப, இது நெஜமாவே வீட்டுக்கு ஒண்ணுதானா?"

"ஆமா" என்றாள்.

"அவளுக்குப் போடுங்க."

"முடியாதுய்யா. ஆய்வுல இனி புதுசா பேர் சேர்க்க முடியாது. ஏற்கெனவே பேர் இருக்கறவங்களுக்கு மட்டும்தான்."

"பேரை மாத்திக்குங்க. நான் நிகனோராவா இருந்துட்டுப் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா அன்றே தலைநகர் லிமாவுக்குப் போன் போட்டாள், அடுத்த நாளும் போட்டாள். நிகனோராவுக்கென்று மருந்து கேட்டு நான் போன் போட்டே காது பழுத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். லிமாவில் பூசாரிகளைத் தவிர வேறு யாருமே இல்லை. கையிருப்பு இல்லை என்றார்கள். நோயாளி நேரில் வரட்டும், பரிசீலிக்கிறோம் என்றார்கள். கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் போக அவளிடம் ஏது காசு? அதற்குள் அவளுக்கு அண்ணத்தில் ஓட்டை விழுந்துவிட்டது.

அனக்லெத்தோ கட்டிலில் ஏற மறுத்தான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று வார்டு வாசலிலேயே குந்தியிருந்தான். அவனை வழிக்குக் கொண்டுவந்தது நானும் இல்லை, டாக்டரம்மாவும் இல்லை. நிகனோராதான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"யோவ், படுய்யா. ரெண்டு மூக்கும் போனா பிள்ளைக்கு யாரு மூஞ்சி காட்டறது? ஒரு மூக்காவது வீட்டுல இருக்கட்டும். சிஸ்டர், இந்த ஆளைக் கட்டிப்போட்டு ஏத்துங்க."

படுத்தான். அந்த மருந்து ஏறும்போது உடம்பு குளிரில் தூக்கித் தூக்கிப் போடும். அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, அவன் கால்களைத் தன் பாவாடைக்குள் இழுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவள் தண்ணீர் குடித்தால் பாதி மூக்கு வழியாக வந்தது. அதைச் சால்வையால் ஒற்றிக்கொள்வாள். பேச்சும் வரவர வெறும் காற்றாகிக்கொண்டிருந்தது.

அவனுக்குக் குணமாயிற்று. சரிந்த நுனி நிமிரவில்லை, ஆனால் உள்ளே சுத்தமாக உலர்ந்துவிட்டது. குரல் திரும்பியது. கடைசிப் பரிசோதனைக்கு வந்த அன்று டாக்டரம்மா அவன் தோளைத் தட்டினாள். பாவம், அவளுக்கும் ஒரு நல்ல சேதி வேண்டியிருந்தது.

"இந்த வருஷம் இந்த நாற்காலியில நான் பார்த்த நல்ல விஷயம் இது ஒண்ணுதான், அனக்லெத்தோ. சாப்பாடு இறங்குதா? தூக்கம் வருதா?"

"இறங்குது, டாக்டரம்மா."

"பின்ன ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க?" என்று அதட்டினேன். அதட்டாவிட்டால் அவன் வாயைத் திறக்கமாட்டான்.

தொப்பியை மடியில் திருப்பித் திருப்பி வைத்தான்.

"ரெண்டு பேருக்கும் இருந்தப்போ வீட்டுக்குள்ள வந்ததும் சால்வையை எடுத்துடுவா, சிஸ்டர். ஊருக்குத்தான் மூடறது. எதிரும் புதிருமா உக்காந்து சாப்பிடுவோம். ‘காட்டுப்பன்னி மூஞ்சி’ன்னு நான் சொல்வேன், ‘உன்னுது மட்டும் என்ன, ரோஜாப்பூவா’ன்னு அவ சொல்வா. அப்படிச் சிரிப்போம்." தொப்பியைக் கவிழ்த்து வைத்தான். "இப்ப எங்கிட்டயும் மூடிக்கறா. தட்டைத் தூக்கிட்டுக் கூடாரத்துக்குப் பின்னால போயிடறா. விளக்கை அணைச்சப்புறம்தான் சால்வையை எடுக்கறா. நான் ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல, சத்தியமா. என் மூக்கு நல்லாயிட்டதுதான் தப்பு."

டாக்டரம்மா கேமராக் குழாயைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்ததையே துடைத்தாள்.

"லிமாவுல இருந்து?" என்று அவன் கேட்டான்.

"இன்னும் இல்லய்யா."

அவன் எழுந்து போனதும் எனக்கு மனசு ஆறாமல் வாசல்வரை போனேன். நிகனோரா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சால்வை கண்வரை ஏறியிருந்தது. அவள் மடியிலிருந்த குழந்தை அப்பாவைப் பார்த்ததும் தாவியது. வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் எழுந்து, பெஞ்சைச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் உட்கார்ந்தான். அவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.