பிடியில் மூன்றாவது ஆள்

கத்தியின் பிடியில் மூன்று பேர் இருந்தோம். செத்துப்போன ருஷா, அவளுடைய கஃபானா உணவகத்தில் பாத்திரம் கழுவிய ஸ்த்ராவ்கோ, மூன்றாவது, நான்.

நான் கொலை செய்யவில்லை. அதைவிடக் கேவலமாக, ஜோக் அடித்தேன். எங்கள் குடும்பப் புனிதரின் திருநாளான ஸ்லாவாவுக்கு யாரையும் வாய்விட்டு அழைக்கக் கூடாது. வருகிறவர்கள் தாமாக வர வேண்டும். எனவே அழைக்காமல் அழைத்தாக வேண்டும். கத்திப் பிடியில் மரபணு மாதிரி எடுக்கப் பஞ்சுக்குச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தவன், இளிப்பது தெரிய வேண்டுமே என்று முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, எதிரே நின்ற தடயவியல் ஆய்வகத் தலைவி தெசங்காவிடம் சொன்னேன்: "டாக்டர், வியாழக்கிழமை உங்கள நான் கூப்பிடவே இல்ல. ஆனா கறி வெச்ச கோஸ் சுருள் நூத்தியிருபது உருட்டறோம்." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் எச்சில் கொலைவழக்கில் சேர்ந்துகொண்டது.

இப்படிப்பட்ட கோமாளிகளைப் பிடிக்கவே ஊழியர்கள் எல்லோருடைய மரபணுக் குறிப்பும் எங்கள் கணினியில் உண்டு. பத்து நாள் கழித்து வரைபடம் வந்தது. ருஷாவின் ரத்தம் மலைமலையாக முகடு காட்டியது. ஸ்த்ராவ்கோ சிறு குன்றுகள். அவற்றுக்கடியில் எறும்புப்புற்றுகள் போல ஒரு வரிசை. கணினி கூச்சமே இல்லாமல் பெயர் சொன்னது: மொமிர்.

தெசங்கா தன் கையால் காப்பி போட்டுக் கொடுத்தார். பதினாறு வருடத்தில் இது இரண்டாவது முறை. முதல்முறை சம்பளத்தைக் குறைத்தார்.

"கோட்டக் கொஞ்சம் மேல தூக்கிடு, மொமிர்."

வரைபடத்தின் குறுக்கே ஒரு கோடு போடுவோம். அதற்குக் கீழே இருப்பது வெறும் இரைச்சல், கணக்கில் வராது. அதை விரலளவு உயர்த்தினால் நான் மறைந்துவிடுவேன். அரசு வழக்கறிஞருக்கு வேண்டியதும் அதுதான்: செத்தவளின் ரத்தம், சந்தேகப்பட்டவன், வேறு யாருமில்லை. ஸ்த்ராவ்கோவுக்கு முப்பது வருடம் சிறை.

"ரத்தம் ருஷாவோடது. அவன் விட்டது ரத்தமா, வேர்வையான்னே நமக்குத் தெரியாது. தினம் அந்தக் கத்தியத்தான கழுவினான்?"

"அத அவன் வக்கீல் சொல்லட்டும்."

"அந்தாளு கோர்ட்டுல குறட்டை விடறாரு, டாக்டர்."

"நீ ரொம்ப யோக்கியனா? கத்தி மேல துப்பினவன்தான!"

நியாயமான அடி. எனக்கு உறைத்தது அப்போதுதான்.

"துப்பினவன்தான். வெறுங்கையால நான் அந்தக் கத்தியத் தொட்டதில்ல. ருஷாவ உயிரோட பார்த்ததில்ல. நானே பிடியில இருக்கேன். அப்புறம் பிடியில இருக்கறவன்தான் குத்தினான்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எழுதறது? அவனுக்கு இருக்கற ஒரே நல்ல சாட்சி என் எச்சில்தான்."

அவன் குத்தியிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதத்தான் சம்பளம்.

"வேல போயிடும்டா," என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "இந்தக் கடையையே மூடிடுவாங்க."

கோட்டைத் தொடவில்லை. அறிக்கையில் என் பெயரை அப்பா பெயரோடு முழுசாக அடித்தேன். முகக்கவசம் தாடையில் இருந்தது, பேசியது ஸ்லாவா பற்றி, எல்லாம். கோஸ் சுருளின் எண்ணிக்கையை மட்டும் விட்டுவிட்டேன். அது குடும்ப மானம். கையெழுத்துப் போட்டு, அவருடைய கையெழுத்துக்காகத் தாளை மேசையில் தள்ளினேன்.

"ஒண்ணு கேக்கறேன். இங்க என் பேர் வந்துச்சு, அதனால இவ்வளவு பேச்சு. மத்த கேஸ்ல பேர் தெரியாத மூணாவது ஆள் வந்தப்பல்லாம் என்ன செஞ்சீங்க?"

"காப்பி ஆறுது பாரு."

"கோட்டத் தூக்கினீங்களா?"

"நடைமுறைப்படி, மாதிரியோட தரத்தப் பொறுத்து..."

"நடைமுறைய நான் கேக்கல. உங்களக் கேக்கறேன். எத்தன தடவ?"

தெசங்கா கண்ணாடியைக் கழற்றினார். மூக்கின் இருபுறமும் சிவந்த தடங்கள். பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"நாலு," என்றார். "மூணு பேர் இன்னும் உள்ள இருக்காங்க. ஒருத்தன் போன மார்ச்ல உள்ளயே செத்துட்டான்."