மாவுக்கு வாங்கிய பெயர்

முதல் உறைபனி விழுந்த காலை அது. வாற்கோதுமை பாதிதான் அறுத்திருந்தது.

மலைச்சரிவில் ஒருவன் ஓடி வருவதை லாக்லன் அரிவாளும் கையுமாக நின்று பார்த்தான். வந்தவன் டூகல், குலத் தலைவரின் சித்தப்பா மகன். அவன் கையில் கருகிய மரச்சிலுவை. ஒரு முனையில் ஆட்டு ரத்தம் காய்ந்திருந்தது. தலைவர் படைக்கு ஆள் கூப்பிடுகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். அவர் பெயரைத் தாங்கியவன் போயாக வேண்டும். போகாதவன் வீட்டுக்குத் தீ வைப்பார்கள்.

"என்னப்பா மக்டோரன், இன்னும் வயல்லயா நிக்கிற?"

அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் டூகலுக்குச் சிரிப்பு வரும். பஞ்சம் வந்த வசந்தத்தில் தலைவர் கொடுத்த ஒரு மூட்டை ஓட்ஸ் மாவுக்கு லாக்லன் ஏற்றுக்கொண்ட அவருடைய குலப்பெயர் அது. அதற்கு முன் அவன் ரோரி மகன் லாக்லன், அவ்வளவுதான். அதே வசந்தத்தில் தம்பி சோர்லி கணவாய் தாண்டிப் போய் வேறொரு தலைவரின் பெயரை ஏற்றான். பிரியும்போது இருவரும் சிரித்தார்கள். "பேருதானே அண்ணே. வயிறு ரொம்புதுல்ல?" என்றான் சோர்லி.

"யார் மேல போறோம்?"

"கணவாய்க்கு அந்தப் பக்கம். நம்ம மாட்டை ஓட்டிட்டுப் போனவங்க மேல."

"என் தம்பி மாட்டைத் தொடலை."

"அவன் தொப்பில அவங்க ஊதாப்பூ இருக்குல்ல? அது போதும்."

லாக்லன் கணவாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மாவுக்குப் பேர் வாங்கினவங்க முன்வரிசை. நாங்க பின்னாடி வர்றோம். நீதான் வழி காட்டணும். தம்பி வீட்டு விருந்துக்குப் போய்ப் போய்ப் பழகின கால்தானே!"

டூகல் தன் தொப்பியில் குல அடையாளமாக இருந்த பைன் கொத்தில் ஒரு கிள்ளு ஒடித்து லாக்லனின் தொப்பியில் செருகினான். பிறகு வீட்டை நிமிர்ந்து பார்த்தான்.

"கூரை நல்லா காஞ்சிருக்கு" என்றான். அடுத்த வீட்டை நோக்கி ஓடினான்.

வாசலில் மனைவி மார்சலி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. லாக்லன் அவளைத் தாண்டி உள்ளே போனான். அரிவாளை மாட்டிவிட்டு வாளை எடுத்து வந்தான்.

அவள் வழிவிடவில்லை.

"விடியறதுக்கு முன்னாடி போய்க் கதவைத் தட்டுவீங்க. சோர்லி உள்ள இருந்து யாருன்னு கேப்பான். என்ன சொல்லுவீங்க?"