அப்பாவுக்குச் சொன்னது வேறு

"தலையில் அடிபட்டு நினைவு தடுமாறியது உண்டா?"

கோச் டொனலி இங்கிலீசில் கேட்டுவிட்டு, முழங்காலில் வைத்திருந்த படிவத்தில் பேனாவை ஊன்றினார். ஒஹாயோவில் இருந்து ஆறு மணித்தியாலம் கார் ஓட்டி வந்த மனிதர். ஸ்காபரோவில், பதினோராம் மாடி அப்பார்ட்மென்றில், யேசுரட்ணம் வீட்டு சோபாவின் முக்கால்வாசியை அவர் ஒருவரே நிரப்பியிருந்தார்.

"ஒருமுறை என்றாலும் சொல்லவேண்டும். எங்கள் டொக்டர் பார்க்காமல் நான் ஆளை எடுக்க முடியாது. அப்பா அம்மாவிடமும் கேள்."

கேட்கிற வேலை றூபனுடையது. ஒன்பது வயதில் இருந்து அந்த வீட்டுக்குள் இங்கிலீசு அவன் வாய்வழியாகத்தான் வந்தது, அவன் வாய்வழியாகத்தான் போனது. டொக்டர், வங்கி, பள்ளிக்கூடம் என்று எல்லாரோடும் தகப்பன் யேசுரட்ணமும் தாய் மக்டலீனும் அவனை வைத்துத்தான் கதைத்தார்கள்.

அவன் தாயின் பக்கம் திரும்பினான்.

"சின்ன வயசிலை எனக்குப் பெரிய வருத்தம் ஏதும் வந்ததோ எண்டு கேக்கிறார் அம்மா."

"மூண்டு வயசிலை கொப்பளிப்பான் வந்தது," என்றாள் மக்டலீன். "அதைவிட ஒண்டும் இல்லை. நல்லாச் சாப்பிடுவான் எண்டும் சொல்லிவிடு."

றூபன் கோச்சைப் பார்த்தான்.

"இல்லை சேர். ஒருநாளும் இல்லையாம்."

கோச் படிவத்தில் ஒரு பெட்டியில் கோடு போட்டார். முடிந்தது.

1997, ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை. றூபனுக்குப் பதினெட்டு வயது. இலையுதிர்காலத்தில் அவன் ஹெல்மெற் மாட்டிக்கொண்டு ஆட்களை முட்டித் தள்ளி ஓடுகிற அமெரிக்கப் புட்போல் விளையாடுவான். வசந்தம் வந்தால் பேஸ்போல், பந்து எறிகிற ஆள். இரண்டுக்கும் எல்லைக்கு அப்பால் இருந்து கல்லூரிகள் கேட்டன. புட்போல் விளையாட வந்தால் ஒஹாயோக் கல்லூரி முழுப் படிப்புச் செலவும் தரும். பேஸ்போலுக்கு நோர்த் கரோலைனாவில் ஒரு கல்லூரி பாதி தரும். இரண்டையும் சேர்த்து விளையாட ஒருவரும் விடமாட்டார்கள். புதன்கிழமைக்குள் ஒன்றைப் பிடித்து மற்றதை விடவேண்டும்.

பேஸ்போலில் அவன் கெட்டிக்காரன். புட்போலில் அவன் ராசா. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் முழுப் பள்ளிக்கூடமும் அவனுடைய நம்பரைச் சொல்லிக் கத்தும். அதை விட்டுவிட்டுப் பாதிக் காசுக்குப் பந்து எறியப் போவதா?

தடை ஒன்றே ஒன்றுதான். ஒக்ரோபரில், கடைசி ஆட்டத்தில், இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து அவன் தலையில் மோதினார்கள். எழும்பியபோது எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள், "இண்டைக்கு என்ன கிழமை?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு வேலை, அம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

"மூளை குலுங்கியிருக்கிறது," என்றார் அங்கே டொக்டர். "இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது. இந்த விளையாட்டை விடுவது நல்லது. அம்மாவுக்கு இதை விளக்கமாகச் சொல்."

அவன் சொன்னான். "ரெண்டு நாள் படுத்தால் சரியாம் அம்மா."

இப்போது படிவம் யேசுரட்ணத்தின் கைக்கு வந்தது. அவர் கண்ணாடியைப் போட்டார். தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"சின்ன வயசிலை வந்த வருத்தமோ கேட்டவர்?"

"ஓம் அப்பா."

"வேற ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை அப்பா. அதுதான். இதிலை ஒரு சைன் வையுங்கோ."

யேசுரட்ணம் கையெழுத்தைப் போட்டார். வழக்கத்தைவிட மெதுவாக.

கோச் நாலு மட்டன் ரோல் சாப்பிட்டார். மக்டலீன் இன்னும் எட்டை ஈயத்தாளில் சுற்றிக் கொடுத்தாள். லிஃப்டுக்குள் நின்றபடி அவர் றூபனின் தோளில் தட்டினார். "நல்ல மனிதர்கள். நீ அதிர்ஷ்டக்காரன்," என்றார்.

*

ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி. பஸ்ரியன் ஒரு கையில் கப்பும் மறுகையில் கேக்குமாக வந்து சேர்ந்தார். மிசிசாகாவில் விமானச் சாப்பாடு பொதி செய்கிற தொழிற்சாலையில் யேசுரட்ணத்தோடு வேலை செய்கிறவர். ஒரே கார், ஒரே ஷிஃப்ற்.

"என்ன ஹீரோ, எந்தப் பந்து?"

"புட்போல் அங்கிள். அநேகமா."

"ஒஹாயோக்காரன் வந்து ரோல்ஸ் முழுக்க முடிச்சிட்டானாம். கொப்பரோடை என்ன கதைச்சவன்?"

"அப்பாவோடை எங்கை கதைக்கிறது? நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

"ஏன், உவருக்கென்ன வாய் இல்லையோ?" பஸ்ரியன் சிரித்தார். "வகுப்பிலை ரீச்சர் கேள்வி கேட்டால் முதல் கை உவற்றை கைதான். எங்களை ஒரு சொல்லுச் சொல்ல விடமாட்டார்."

"என்ன வகுப்பு?"

பஸ்ரியனின் வாயில் கேக் அப்படியே நின்றது.

"அட கடவுளே. உனக்குத் தெரியாதோ?"

"சனிக்கிழமையிலை ஓவர்டைம் எண்டுதான் சொல்லுறவர்."

"ஓவர்டைமும் மண்ணும். லைப்ரரிக்குக் கீழை இங்கிலீசு வகுப்பு. ரெண்டு வருசமாப் போறம். போர்க்லிஃப்ற் சோதினைக்கெண்டு தொடங்கினது. நான் இன்னும் மூண்டாம் லெவலிலை இருந்து முழுசுறன். உவர் ஆறு முடிச்சிட்டார்." பஸ்ரியன் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னதா வெளியிலை வரப்படாது, தம்பி. முதல் வருசம் கட்டுரை எழுதச் சொன்னவை. நான் எங்கடை பனியைப் பற்றி நாலு வரி எழுதினன். உவர் உன்னைப் பற்றி. 'எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் பயமில்லை, என்ர மகன் எல்லாம் சரியாச் சொல்லுவான்' எண்டு. ரீச்சர் அதைச் சுவரிலை ஒட்டினவ."

றூபனுக்குக் காது இரண்டும் கொதித்தன. தேத்தண்ணிக் கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

நேற்று அந்த அறையில் இங்கிலீசு தெரிந்தவர்கள் மூன்று பேர்.

*

பார்க்கிங்கில் யேசுரட்ணம் கார்க் கண்ணாடியில் படிந்த பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மக்டலீன் இன்னும் மண்டபத்துக்குள், பெண்களோடு கதையில். றூபன் போய்ப் பக்கத்தில் நின்றான். என்ன சொல்லித் தொடங்குவது?

"அப்பா, நேற்று கோச் கேட்டது..."

"பஸ்ரியனுக்கு வாய் நிக்காது." யேசுரட்ணம் திரும்பவில்லை.

"எல்லாம் விளங்கினதோ?"

"தலை எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் சைன் வைச்சனீங்கள்?"

"வீட்டுக்கு வந்த மனுசனுக்கு முன்னாலை என்ர பிள்ளை பொய்யன் எண்டு நான் சொல்லுறதோ? நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன். ரெண்டு தரம் கேட்டன்."

கேட்டவர்தான். இரண்டு தரமும் அவன் அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்.

"நேற்று மட்டுமோ?" என்று றூபன் கேட்டான். கேட்டிருக்கக்கூடாது.

சுரண்டுகிற கை நின்றது.

"போன வருசம் உன்ர கணக்கு மாஸ்ரரைப் பாக்கப் போனம். உங்கள் மகன் வகுப்புக்கே வருவதில்லை எண்டார். வாழ்க்கையிலை முதல்தரம் ஒரு வெள்ளைக்காரன் சொன்ன முழு வசனம் எனக்கு அப்பிடியே விளங்கினது. சந்தோசப்பட்டன் பார், ஒரு நிமிசம். என்ன சொன்னான் எண்டு யோசிக்கேல்லை, விளங்கிட்டுது எண்டுதான் சந்தோசம். அதுக்குப் பிறகு நீ வாயைத் திறந்தாய். 'கெட்டிக்காரனாம் அப்பா, இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யட்டாம்.'"

"அண்டைக்கே அடிச்சிருக்கலாமே?"

"கிழடு ஏபிசிடி படிக்குது எண்டு உனக்குச் சொல்ல முதலிலை வெக்கமா இருந்தது. அண்டைக்குப் பிறகு, எனக்கு விளங்குது எண்டு சொல்ல அதைவிட வெக்கமாப் போச்சு. நீ எப்பிடி என்ர முகத்திலை முழிப்பாய் எண்டு."

ஒரு கார் ரிவேர்ஸ் எடுத்துப் போனது. யேசுரட்ணம் அது போகும்வரை பொறுத்திருந்தார்.

"டொக்டர் உண்மையிலை என்ன சொன்னவர்?"

றூபன் சொன்னான். குலுங்கிய மூளை. இன்னொரு அடி. விடுவது நல்லது. கூட்டாமல் குறைக்காமல், அந்த டொக்டர் சொன்ன ஒழுங்கிலேயே. சொல்லி முடித்தபோது யேசுரட்ணம் காரின் பொனற்றில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"மூண்டு மாசம்," என்றார். "மூண்டு மாசமா ஒரே வீட்டிலை இருந்திருக்கிறம்."

"இப்ப நான் என்ன செய்யிறது அப்பா?"

"அது உன்ர பந்து. அந்தத் தாளிலை என்ர பேரும் கிடக்கு, அவ்வளவுதான். கொம்மாவுக்கு மட்டும் நீதான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

மண்டபக் கதவு திறந்தது. மக்டலீன் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். தகப்பனும் மகனும் ஆளுக்கொரு பக்கக் கதவைத் திறந்தார்கள்.

*

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து றூபன் ஒஹாயோவுக்கு எடுத்தான். இரண்டு தரம் நம்பரைப் பாதியில் விட்டு வைத்தான். மூன்றாம் தரம் கோச் எடுத்துவிட்டார்.

சொன்னான்.

"உன் அம்மா எனக்குச் சாப்பாடு கட்டித் தந்தார்," என்றார் டொனலி. "அதை நான் வழி முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டு போனேன். நான் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி."

"ஓம் சேர்."

"கையெழுத்து வைத்தபோது உன் அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது சேர். நான்தான் மாற்றிச் சொன்னேன்."

உண்மை சொல்ல எடுத்த அழைப்பிலும் ஒரு பொய். ஆனால் அந்தத் தாளில் இருந்த பெயர் அப்பாவுடையது.

"உன்னை எங்கள் டொக்டரிடம் காட்டிப் பார்த்திருக்கலாம்," என்றார் கோச். "ஒருவேளை சரி என்றும் சொல்லியிருப்பார். இனி எனக்கு உன் தலை பிரச்சினை இல்லை. ஆட்டத்தில் ஒருநாள் உனக்கு நோகிறதா என்று கேட்டால், நீ சொல்கிற பதிலை நான் எப்படி நம்புவது?" ஒரு பெருமூச்சு. "உடம்பைப் பார்த்துக்கொள்."

வைத்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் றூபனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

மக்டலீன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டாள். "ஒஹாயோ என்னவாம்?"

இப்போது சொல்லவேண்டும். வசனம் தயாராக இருந்தது. வாய்வரை வந்தது.

"வேற ஆள் கிடைச்சிட்டுதாம் அம்மா."

"நல்ல சீவன். எட்டு ரோல் கட்டிக் குடுத்தன்," என்றாள் அவள். "போகட்டும் விடு. உந்த மாட்டுச் சண்டை எனக்கும் விருப்பமில்லை. மற்றது பாதியெண்டாலும் பரவாயில்லை. மீதிக்கு என்ன செய்யலாம், இஞ்சருங்கோ?"

கதிரையில் இருந்த யேசுரட்ணம் பேப்பரை மடித்தார். "சனிக்கிழமை ஓவர்டைம் செய்யலாம்."

"இப்பவும் செய்யிறீங்கள்தானே?"

"இன்னும் ஒழுங்கா."

றூபன் எழும்பி பாத்ரூமுக்குள் போய்த் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். ஆறு லெவல் முடித்த மனிதர். இனி ஏழாவது இல்லை.

*

செவ்வாய் பின்னேரம் ஐந்து மணிக்கு நோர்த் கரோலைனாவில் இருந்து ஃபோன் வந்தது. பேஸ்போல் கோச் விற்றேக்கர். இழுத்து இழுத்துப் பேசுகிற, அவசரமே இல்லாத குரல். தலையடியைப் பற்றி றூபன் அவர் கேட்க முதலே சொன்னான். அவர் டொக்டரின் கடிதம் கேட்டார். பந்து எறிகிறவனுக்கு அது தடையாக இராது என்று நினைப்பதாகச் சொன்னார்.

"கையெழுத்துக்கு முன்னால் நான் எப்போதும் வீட்டாரோடு ஒரு வார்த்தை பேசுவேன், மகனே."

"நான் மொழிபெயர்க்கிறேன் சே..."

வாயில் வந்த பழக்கம். பாதியில் நிறுத்தினான். யேசுரட்ணம் பக்கத்தில் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார். றூபன் ரிசீவரைக் கொடுத்தான்.

"ஹலோ சேர். நான் தகப்பன் பேசுகிறேன்."

அடுப்படியில் மக்டலீன் அகப்பையோடு அப்படியே திரும்பினாள். இத்தனை வருசக் குடித்தனத்தில், புருசனின் வாயில் இருந்து அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை. யேசுரட்ணம் ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துப் பேசினார். ஓம் சேர். நன்றி சேர். பாதி நாங்கள் கட்டுவோம் சேர்.

"கள்ள மனுசன்," மக்டலீன் வாயைப் பொத்திச் சிரித்தாள். "எப்ப பழகினவர்?"

விற்றேக்கரின் குரல் ரிசீவரைத் தாண்டி வெளியே வந்தது. றூபனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பந்து எறியத் தெரியும் என்று எனக்குத் தெரியும், சேர். ஆள் எப்படி? சொல்வதை நம்பலாமா?"

யேசுரட்ணம் மகனைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கு மாஸ்ரரின் மேசைக்கு முன்னாலும் இப்படித்தான் பார்த்திருப்பாரோ?

"என் மகன் பொய் சொல்லமாட்டான், சேர்," என்றார் இங்கிலீசில். "ஒருநாளும்."

இலக்கணம் பிசகாத வசனம். றூபன் நிலத்தைப் பார்த்தான்.

மக்டலீன் அவன் முழங்கையை இடித்தாள். "என்னவாம்? கொப்பர் என்ன சொல்லுறார்? எனக்குச் சொல்லன்."

"நான்..." செருமினான். "நான் பொய் சொல்லமாட்டனாம். ஒருநாளும்."

"உதை அந்த மனுசனுக்கும் சொல்லவேணுமே," என்றாள் அவள். "எங்களுக்குத் தெரியாதோ?"

கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அவள் அடுப்பைக் குறைக்கத் திரும்பினாள். றூபன் அவள் பின்னால் போய், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றான்.

"அம்மா," என்றான். "ஒக்ரோபரிலை அந்த டொக்டர் சொன்னது வேற."