மஞ்சள் லில்லிச் சீட்டில் என் பெயர்

மிலுஷெவ் சாரை நம்பினேன்.

கோடையில் பத்து நாள் ரொடோப்பி மலையில் செடி பார்க்கும் பயிற்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பதினான்கு பேர். முதல் நாளே சார் சட்டம் போட்டார்: "ஒரு இடத்துல ஐம்பதுக்குக் கொறச்சலா இருக்கற செடிமேல எவனாவது கை வெச்சா, பரீட்சை எழுத விடமாட்டேன்." தெரியாமல் ஒரு காட்டுப்பூவை மிதித்தவனை அரை மணி நேரம் வறுத்தெடுத்தார். அந்த மனிதரைத்தான் நம்பினேன்.

உடன் படிக்கும் என் தோழி கெராவுக்கு நாங்கள் தங்கியிருந்த ஊர்தான் சொந்த ஊர். மூன்றாம் நாள் மாலை என்னைத் தங்கள் புல்வெளிக்குக் கூட்டிப்போனாள். அவள் அப்பா மாட்டுக்குப் புல் அறுத்திருந்தார். நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் மட்டும் அறுபடாமல் நின்றது. அதற்குள் ஒன்பது மஞ்சள் லில்லிகள்.

"அப்பா வருஷா வருஷம் இத விட்டுட்டுத்தான் அறுப்பாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதடி, ராதினா."

"சத்தியமா சொல்லமாட்டேன்."

மறுநாள் காலை வரைதான் அந்தச் சத்தியம் தாங்கியது. இருபது வருடமாக இந்தப் பக்கம் லில்லியைத் தேடுகிறேன், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்று சார் புலம்பினார். மனம் இளகிவிட்டது. பெருமையும் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன். இவரைவிடப் பத்திரமான ஆள் யார் என்று கூட்டிப்போய்க் காட்டினேன். மண்டியிட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"எண்ணி மட்டும் எழுதிக்கோம்மா, தொட்டுடாத," என்றார் என்னிடம். என்னிடம்!

கடைசி நாள் காலை, தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், அழுத்திக் காயவைத்த செடிகளை மேசைமேல் பரப்பினோம். சார் தன் செடித்தாள் கட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை உருவி நடுவில் வைத்தார். மஞ்சள் லில்லி. வேரும் கிழங்குமாக முழுச் செடி. கீழே ஒட்டியிருந்த சீட்டில் 'சேகரித்தவர்: ராதினா' என்று இருந்தது.

"அருங்காட்சியகத்துக்கு ஒண்ணாவது வேணும்ல," என்று சிரித்தார். "கண்டுபிடிச்சது இவ, பேரும் இவளுக்கே. ஆறுக்கு ஆறு மார்க். கை தட்டுங்கப்பா!"

தட்டினார்கள்.

"சார், நான் பிடுங்கல. நீங்கதான் பிடுங்கினீங்க."

"பாருங்க, எவ்வளவு அடக்கம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறியக் கை பரபரத்தது. எறியவில்லை. கெரா குனிந்து அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தாள்.

"கெரா, நான் தோண்டலடி. அவர்கிட்ட சொன்னேன், அவ்வளவுதான்."

"அதத்தானடி வேண்டாம்னேன்."

"அவரு இப்படிச் செய்வாருன்னு..."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அப்பா வெளியில நிக்கறாரு. பஸ்ஸுல சாப்பிடச் சீஸ் கட்டி எடுத்துட்டு வந்திருக்காரு, உனக்கும் சேத்து. அவர்கிட்ட போய்ச் சொல்லு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் என்னைக் கண்டதும் பொட்டலத்தை உயர்த்திக் காட்டிச் சிரித்தார்.