வட்டம் கேட்காமல் வாங்கிய குதிரை

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை முற்பகலில், குதிரையேற்ற ஆசிரியை ஒருத்தி, ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த தன் அண்ணனின் லாயத்துக்கு, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை ஒன்றை விலைக்குப் பார்க்கச் சென்றாள். அவளுக்கு வேண்டியது வேகமன்று, அசையாமை.

நடக்க இயலாத எட்டுப் பிள்ளைகளுக்கு அவள் வாரந்தோறும் குதிரைமீது பயிற்சி அளித்துவந்தாள். சக்கர நாற்காலியைச் சாய்தளத்தின் வழியே மேலேற்றி, இருவர் தாங்கிப் பிடித்து, பிள்ளையைக் குதிரையின் முதுகுக்கு மாற்றி முடிக்கும்வரை, அந்தக் குதிரை ஒரு குளம்பையும் பெயர்க்கலாகாது. அந்தப் பணியை நெடுங்காலம் செய்த கிழப் பெட்டைக்குதிரை சனவரியில் இறந்துபோயிற்று. அவளிடமிருந்த மற்ற இரண்டும் துடிப்பானவை, பிள்ளைகளுக்கு உதவா. ஏப்ரல் முடிவதற்குள் தகுந்த குதிரை வராவிட்டால் அந்த நேரத்தை வேறு பயிற்சிக்கு ஒதுக்கிவிடுவதாகப் பிள்ளைகளை அனுப்பும் பள்ளியின் தலைமையாசிரியை தெரிவித்திருந்தார். அவர் சொன்னதை மாற்றுபவரல்லர்.

எட்டுப் பேரில் சிட்டு என்று அழைக்கப்பட்டவள் ஏழு வயதுச் சிறுமி. நாற்காலியில் துவண்டு சாய்ந்தே இருப்பவள், குதிரைமேல் அமர்ந்தால் மட்டும் முதுகை நிமிர்த்துவாள். ஏன் என்பதற்கு மருத்துவர்கள் ஆளுக்கொரு காரணம் கூறினர். அவளுடைய தாய், ரொட்டிக்கடையில் மாவு பிசைபவள், காரணம் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை தன் மகளின் முகத்தை நேர்மட்டத்தில் பார்த்தால் அவளுக்குப் போதும்.

ஆசிரியை அதுவரை ஐந்து குதிரைகளைப் பார்த்திருந்தாள். சாய்தளத்தைக் கண்டதும் ஒன்று பின்னங்கால்களில் எழுந்து நின்றது. மற்றொன்று, அதைக் கட்டியிருந்த கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு நடந்தது. பந்தயக் குதிரைக்கு நிற்கத் தெரியவில்லை என்று குறை கூறுவது நியாயமன்று. நிற்க அதற்கு யாரும் கற்பித்ததில்லை. ஜாக்கி ஏறுவதுகூட அது நடந்துகொண்டிருக்கும்போதுதான். ஆகவே அவள் ஐந்தையும் வேண்டாமென்று சொல்லித் திரும்பினாள். ஆனால் ஐந்தையும் வட்டம் ஓடவிட்டுப் பார்க்கத் தவறவில்லை.

இந்த வட்டத்தைப் பற்றி இங்கே கூறியாக வேண்டும். மணலில் நேர்கோட்டில் ஓடும் குதிரை தன் கால்வலியை மறைத்துவிடும். கல் பாவிய தரையில் சிறு வட்டமாக ஓடவிட்டால் மறைக்க முடியாது. குதிரை வாங்குகிற எவரும் வட்டம் கேட்பர். விற்கிற எவரும் முகம் சுளிக்காமல் காட்டுவர். ஆனால் பந்தயக் குதிரைகளைப் பழக்கிய அவளுடைய தந்தை தன் பிள்ளைகளுக்கு விதித்த சட்டம் வேறு. "வெளியாள் குதிரைன்னா வட்டம் பாரு, வீட்டாள் குதிரைன்னா முகத்தைப் பாரு" என்பார். உறவினரிடம் வட்டம் கேட்பது அவரைத் திருடன் என்பதற்குச் சமம். அந்தக் குடும்பத்தில் அது குதிரையோடு நிற்கவில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்ட மருமகனைக்கூட, "என்கிட்டயே வட்டம் கேக்கறார் பாரு" என்று தாய் கேலி செய்வாள்.

தந்தை இறந்தபின் லாயம் அண்ணனுக்குப் போயிற்று. தங்கைக்குப் பழைய சேணங்கள் வந்தன. பேச்சு நின்றது அப்போதுதான். ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் அண்ணனே தொலைபேசியில் அழைத்து, "பாப்பா, நீ குதிரை தேடறேன்னு கேள்விப்பட்டேன். எங்கிட்ட ஒண்ணு இருக்கு. உனக்குன்னே செஞ்ச மாதிரி" என்றபோது, ஐம்பத்திரண்டு வயதான அந்தப் பாப்பா வருவதாகச் சொன்னாள்.

லாயத்து வாசலில் அண்ணிதான் முதலில் எதிர்ப்பட்டாள்.

"வாங்க. ஒன்பது வருஷமா உங்களுக்கு வச்ச காபி ஆறிப்போய் உக்காந்திருக்கு."

"சூடு பண்ணிக் குடுங்க அண்ணி, குடிச்சிட்டாப் போச்சு."

அண்ணன் சிரித்தான், சிரித்த வேகத்திலேயே முன்னால் நடந்தான். கடைசிக் கொட்டிலில் செம்பழுப்பு நிறத்தில் உயரமான குதிரை ஒன்று நின்றிருந்தது. அதற்குப் பந்தயத்தில் வேறு பெயர் இருந்தது. லாயத்தில் எல்லோரும் சாமியார் என்றே அழைத்தனர்.

"ஏன் சாமியார்?"

"பாரேன், தவத்துல நிக்கிறான். பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் காதைத்தான் ஆட்டுவான்."

கொட்டிலின் வைக்கோல் பின்பக்கம் முழுவதும் பரவலாகவும், முன்னங்கால்களின் குதிப்பக்கம் மட்டும் மேடாகவும் கிடந்தது. குதிரை அந்த மேட்டின்மீது குதிகளை ஏற்றி நின்றது. ஆள் சரியாகப் பரப்பவில்லை என்று ஆசிரியை எண்ணினாள். அண்ணனின் லாயத்தில் ஒழுங்கு குறைந்துவிட்டது என்றும் எண்ணி, அதைச் சொல்லாமல் விட்டாள்.

அவள் குதிரையின் வயிற்றில் தட்டினாள். முதுகில் கோணியை வீசினாள். ஏணி ஒன்றைக் கொண்டுவரச் செய்து, அதன் விலாவில் உரசும்படி சாய்த்து, ஏறி, முழு உடலையும் முதுகின் குறுக்கே கிடத்தினாள். சாமியார் ஒரு குளம்பையும் பெயர்க்கவில்லை. பின்னர் அதை மணல் பாதையில் நேராக ஓட்டிக் காட்டினார்கள். தாளம் தப்பாமல் ஓடிற்று. ஓடுபாதைக்கும் லாயத்துக்கும் நடுவே கல் பாவிய முற்றம் இருந்தது. அவள் ஒருமுறை அந்த முற்றத்தைப் பார்த்தாள், அண்ணனும் பார்த்தான்.

"என்ன பாப்பா, வட்டம் வேணுமா?"

அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அண்ணி காபித் தட்டுடன் நின்றிருந்தாள்.

"சேச்சே. உங்கிட்டயா?"

"அதானே. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பார்ப்பாங்க!" என்றாள் அண்ணி. விலை என்று கைமாறியது ஒப்புக்குத்தான். அன்று ஆசிரியை இரண்டு குவளை காபி குடித்தாள். வீடு திரும்பும் வழியில், தனக்குக் கிடைத்தது குதிரை மட்டுமன்று என்று அவள் நம்பினாள்.

சாய்தளத்துக்கு அருகே நிற்க, மற்றக் குதிரைகளுக்கு மாதக்கணக்கில் கற்பிக்க வேண்டியிருக்கும். சாமியாருக்கு எதையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. மணல்மூட்டையை முதுகில் ஏற்றினார்கள், நின்றது. காலி நாற்காலியைச் சாய்தளத்தில் கடகடவென்று உருட்டினார்கள், நின்றது. சிட்டுவின் தாய் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரைக் கொஞ்ச நாள் இதுகிட்ட விடணும் டீச்சர், கத்துக்கட்டும்" என்றாள்.

மார்ச் இருபத்தெட்டாம் நாள் சிட்டுவை ஏற்றினார்கள். ஆசிரியை கயிற்றைப் பிடிக்க, தாய் ஒருபுறமும் உதவிக்கு வந்த பெண் மறுபுறமும் நடந்தனர். மணல் திடலில் சாமியார் நிதானமாக அடியெடுத்து வைத்தது. சிட்டு முதலில் குனிந்திருந்தாள். பிறகு, சனவரிக்குப்பின் முதன்முறையாக, கழுத்தும் முதுகும் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்தன. தாய் மகளின் முகத்தைப் பார்த்தபடியே நடந்தாள்.

இறங்கும் சாய்தளத்துக்குச் செல்ல, திடலைவிட்டு வெளியேறி, சிமெண்டுத் தரையில் இடப்புறம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் குதிரையின் அடி சுருங்கியது. சூடான தரையில் வெறுங்காலுடன் நடப்பவரைப்போல் குளம்பை வைத்தவுடன் எடுத்தது. மூன்றாம் அடியில் முன்புறம் மடங்கியது. சிட்டு கழுத்தின்மீது சரிந்தாள். தாயின் கைகள் மாவுமூட்டை தூக்கிப் பழகியவை; சிறுமி தரையில் விழவில்லை.

"என்ன டீச்சர், தடுக்கிடுச்சா?"

"இல்ல. குழந்தையை உள்ள கூட்டிட்டுப் போங்க."

எல்லோரும் போனபின், ஆசிரியை குதிரையை அந்தச் சிமெண்டுத் தரையில் தானே வட்டமாக நடத்தினாள். முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. இருப்பினும் எதிர்த்திசையிலும் ஒரு சுற்று நடத்தினாள். முறை என்றால் முறைதான். பிறகு கொட்டிலுக்குள் சென்று பார்த்தாள். அவள் கையாலேயே சமமாகப் பரப்பிய வைக்கோல், முன்னங்கால்களின் குதிப்பக்கம் மேடாகக் குவிந்திருந்தது. குவித்தது குதிரைதான். குதியை உயர்த்தி வைத்தால் வலி சற்றுக் குறையும்.

மறுநாள் பிற்பகல் கால்நடை மருத்துவர் வந்தார். அண்ணனையும் அவள் அழைத்திருந்தாள், காரணம் சொல்லவில்லை. அவன் காரணம் கேட்கவுமில்லை. வந்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டான்.

மருத்துவர் வலது முன்குளம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டார். சற்றுப் பொறுத்து நடத்தியபோது, அதுவரை நொண்டாத சாமியார் இடது காலை அப்பட்டமாக நொண்டியது.

"ரெண்டு காலும் சமமா வலிச்சா நொண்ட முடியாதும்மா. நொண்டறதுக்கு ஒரு காலாவது நல்லா இருக்கணும்" என்றார் மருத்துவர். பிறகு இடது குளம்புக்கும் ஊசி போட்டார்.

காத்திருந்தார்கள். முதலில் குதிரையின் தலை உயர்ந்தது. பிறகு அது ஒரு காலைத் தூக்கித் தரையைத் தட்டிப் பார்த்தது. அடுத்த கணம் கயிறு ஆசிரியையின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடிற்று. சாமியார் பக்கவாட்டில் துள்ளியது. வாலைத் தூக்கிக்கொண்டு திடலை வளைந்து வந்தது. சாய்தளத்தைக் கண்டு மிரண்டு பின்வாங்கியது. நிறுத்த முயன்ற மருத்துவரைத் தோளால் தள்ளியது. நிற்கவே இல்லை.

"பாரு பாரு! இதான் என் குதிரை!" என்று வேலிக்கு அப்பாலிருந்து அண்ணன் கத்தினான். அவன் முகம் மலர்ந்திருந்தது. சொல்லி முடித்தபிறகே தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு விளங்கிற்று.

ஆசிரியை திரும்பிப் பார்த்தாள். சாந்தம் என்று அவள் வாங்கி வந்தது வலி. அது தெரிந்தே அவளுக்கு விற்கப்பட்டிருந்தது.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"பாப்பா, இவனோட ஓனர் போனையே எடுக்கலை. கசாப்புக்காரன் வண்டி வாசல்ல வந்து நின்னுச்சு. நான் என்ன பண்றது?"

"சொல்லியிருக்கலாம்."

"நீ வட்டம் கேட்டிருந்தா மறைச்சிருக்க மாட்டேன். அப்பா மேல சத்தியம்."

"கேக்க மாட்டேன்னு தெரிஞ்சுதானே வட்டம் வேணுமான்னு கேட்டே?"

அவன் வேலியின் மேல்கட்டையைத் தடவினான். பிறகு மருத்துவரைப் பார்த்து, "டாக்டர், குளம்புக்குப் போற நரம்பை வெட்டிவிட்டுட்டா? வலியே தெரியாதே" என்றான்.

"வலி தெரியாது. குளம்பு தரையில படறதும் தெரியாது. எப்ப விழும்னு சொல்ல முடியாது. இது மேல பிள்ளைங்களை உக்கார வைப்பீங்களா? அப்படியே வச்சாலும்," என்று மருத்துவர் துள்ளும் குதிரையைக் காட்டினார், "இது நிக்குமா?"

"அப்ப சும்மா கட்டிப் போட்டுடலாம். ஒரு ஓரமா நிக்கட்டுமே."

"எந்த ஓரத்துல? இருக்கிறது மூணு கொட்டில். இது நின்னா வேற குதிரை வராது, வகுப்பு போச்சு. அதோட, நிக்கிறதே அதுக்கு வலின்னு உனக்குத் தெரியும். என்னைவிட நல்லாத் தெரியும்."

அண்ணனின் கண்கள் கலங்கின. அந்தக் கண்ணீர் பொய்யன்று. ஆனால் காலம் தாழ்ந்து வந்தது.

"மூணு வயசுலேர்ந்து நான் பழக்கினவன் பாப்பா. என் கையால அவனைக் கொல்ல முடியாது."

"என் கையால முடியும்னு முடிவு பண்ணிட்டே."

"நீ அப்பா பொண்ணு. உனக்குத் தைரியம் ஜாஸ்தி."

"அதனாலதான் லாயம் உனக்கு, சேணம் எனக்கா?"

அவன், தன்னிடம் இன்னொரு குதிரை இருப்பதாகவும், உண்மையிலேயே நல்ல குதிரை என்றும், வேண்டுமானால் எத்தனை வட்டம் வேண்டுமானாலும் ஓட்டிக் காட்டுவதாகவும் கூறினான். அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் மருத்துவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலையில் ஊசியின் வேகம் தணிந்தது. துள்ளல் நடையாயிற்று, நடை நின்றது. சாமியார் கொட்டிலுக்குள் சென்று, வைக்கோலைக் காலால் இழுத்து மேடு செய்து, அதன்மேல் குதிகளை ஏற்றிக்கொண்டு, மறுபடியும் தவத்தில் நின்றது.

இறுதியாக முடிவு செய்யப்பட்டது இது. ஏப்ரல் மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலையில் குதிரையை மருத்துவர் வந்து கொல்வார். அதற்கு முன்பு இரண்டு முன்குளம்புகளையும் மரத்துப்போகச் செய்து, சிறிது நேரம் திடலில் அவிழ்த்துவிட வேண்டும் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டாள், மருத்துவர் ஒப்புக்கொண்டார். வலி நீங்கிய குதிரை நிற்காது. கடைசி ஊசி போடும்போது அதை அடக்கி நிறுத்தப் பழகிய கை ஒன்று வேண்டும். அந்தக் கை அண்ணனுடையது. முடியாது என்றால், குதிரையை அன்றே வண்டியில் ஏற்றி அவன் லாயத்து வாசலில் இறக்கிவிடுவதாக அவள் சொன்னாள். அவன் வருவதாகச் சொன்னான். அவனுடைய வேறு குதிரை எதுவும் பார்க்கப்பட மாட்டாது. ஏப்ரல் முடிவதற்குள் வேறு குதிரை கிடைப்பது இயலாது என்பதைத் தலைமையாசிரியைக்கு ஆசிரியை அன்றே தெரிவித்தாள். அவர் சொன்னபடியே, மே முதல் அந்த நேரம் பிள்ளைகளுக்குக் கைவேலைப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது. அதைச் சிட்டுவின் தாயிடம் ஆசிரியை நேரில் சென்று கூறினாள். நாற்காலியில் அமர்ந்து செய்யும் பயிற்சிதானா என்று தாய் கேட்டாள். ஆம் என்று ஆசிரியை சொன்னாள்.