ஆணியில் தொங்கிய சிவப்பு அட்டை

சாரதாமணி அழவில்லை என்பதைத்தான் ஊர் முதலில் பேசியது. புருஷன் தண்டாயுதபாணியைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அழவில்லை. கருமாதியன்று சொந்தக்காரப் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தபோதும் அழவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள் சிலர். இப்படியே விட்டால் புத்தி பேதலித்துவிடும் என்றார்கள் வேறு சிலர். ஊருக்கென்ன, வாய் இருக்கிறது. அவளுக்கு நடந்தது வேறு. பல் பிடுங்குவதற்கு முன்னால் டாக்டர் ஊசி போட்டதும் தாடை மரத்துப்போகுமே, அப்படி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. யாராவது வந்து கிள்ளியிருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரியைக் கிள்ளுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பாள்.

வீட்டில் அவர் சம்பந்தப்பட்ட சாமான் ஒன்றும் மிச்சமில்லை. வேட்டி சட்டையெல்லாம் முறைப்படி கொடுத்தாகிவிட்டது. பாயும் தலையணையும் அவரோடே சுடுகாட்டுக்குப் போய்விட்டன. அந்தத் தலையணை உறைக்காகத்தான் கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேருக்கும் சண்டை. மனுஷர் காலையில் தலையில் தேங்காய் எண்ணெயைக் கவிழ்த்துக்கொண்டால் அது காதோரம் வழியும். உறையை வாரத்துக்கு இரண்டு தரம் சலவைச் சோடா போட்டு அவிப்பாள். அவித்துக்கொண்டே திட்டுவாள். இனி அந்த வேலை இல்லை என்று ஒரு நாள் நினைத்துப் பார்த்தாள். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

கம்பெனி மட்டும் காத்திருக்கவில்லை. திருப்பூரில் அப்போது சந்துக்குச் சந்து பனியன் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்தது. தண்டாயுதபாணியின் கம்பெனியும் அப்படி ஒன்றுதான். பின்னுகிற மிஷின் நாலு, ஒரு கட்டிங் மேஜை, சுவரோரமாகத் தையல் மிஷின்கள், பின்கட்டில் பேக்கிங். பேக்கிங்கைச் சாரதாமணிதான் பார்த்துக்கொண்டாள். கல்கத்தாப் பார்ட்டிக்குத் துர்க்கா பூஜைக்கு முன்னால் சரக்கு போயாக வேண்டும். பூஜை முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் அந்தப் பனியனை வைத்து மேஜை துடைத்துக்கொள்ள வேண்டியதுதான், அடுத்த வருஷம் ஆர்டர் என்ற பேச்சே வராது.

கொழுந்தனார் வேலுமணி பக்கத்து வீதியில் பெரிய கம்பெனி வைத்திருந்தவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, கணக்காக யோசிக்கிறவர். கருமாதி முடிந்து பந்தல் பிரித்த அன்றே மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"பூஜைச் சரக்கு முழுசாப் போகட்டும் பாக்கலாமுங்க அண்ணி. போச்சுன்னா நீங்களே நடத்துங்க, நான் குறுக்க வரலை. போகலைன்னா மிஷினையெல்லாம் நம்ம கம்பெனியோட சேத்துக்கலாம். மாசமானா ஊட்டுச் செலவுக்குப் பணம் வந்துருமுங்க."

அவள் சரி என்றாள். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் சரிதான். ஆனால் அத்தனை மரப்புக்கு நடுவிலும் ஓரிடத்தில் மட்டும் சுருக்கென்றது. மாசம் பிறந்தால் கொழுந்தனார் வீட்டிலிருந்து யார் வருகிறார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிழைப்பு அவளுக்கு வேண்டாம். வேண்டாம் என்று அவளால் நினைக்க முடிந்தது அந்த ஒன்றை மட்டுந்தான்.

வேலுமணிதான் ஞானசம்பந்தத்தையும் அனுப்பிவைத்தார். கோயமுத்தூர் மில் ஒன்றில் அதிகாரியாக இருந்துவிட்டு, வேலையை விட்டு வந்து கம்பெனிகளுக்கு யோசனை சொல்வதையே தொழிலாக வைத்துக்கொண்டவர். லாம்பரட்டா ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். யோசனை என்பது திருப்பூரில் டீக்கடை பெஞ்சில் கேட்காமலே கிடைக்கிற சமாச்சாரம். அதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரு ஆளைப் பார்க்க முதல் நாள் தையல்காரர்கள் எல்லாம் கழுத்தை நீட்டினார்கள்.

அவர் ஒரு வாரம் மூலையில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். எந்தத் துணி ரோல் எந்தச் சலவைப் பட்டறைக்குப் போயிருக்கிறது, எது எப்போது திரும்பும், கல்கத்தாக்காரருக்கு எந்த அளவில் எவ்வளவு பாக்கி என்று ஒவ்வொன்றாக. யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: முதலாளிக்குத்தான் தெரியும். கடைசியில் சாரதாமணியைக் கேட்டார்.

"எல்லாம் அவுங்க தலைக்குள்ளதாங்க இருந்துது" என்றாள்.

"அதாங்க தப்பு. ஒரு கம்பெனி ஒருத்தர் தலைக்குள்ள இருக்கக் கூடாதுங்க" என்றார் ஞானசம்பந்தம்.

தாலியறுத்து மூன்று மாதம் ஆகாத பெண்ணிடம் சொல்லுகிற பேச்சா அது? கட்டிங் மாஸ்டர் கத்திரியை அப்படியே நிறுத்திவிட்டார். சாரதாமணி மட்டும் தலையாட்டினாள். சொன்னது சரியாகத்தான் பட்டது.

அவர் செய்த வேலை பார்வைக்குச் சாதாரணம். கட்டிங் மேஜைக்கு மேலே ஒரு பெரிய பலகையை மாட்டி அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். பின்னல், சலவை, கட்டிங், தையல், பேக்கிங், ரயில். ஒவ்வொரு கட்டத்திலும் வரிசையாக ஆணி. சரக்கு எங்கே இருக்கிறதோ அந்த ஆணியில் அதற்குரிய அட்டை தொங்கும். சரக்கு நகர்ந்தால் அட்டையும் நகரும். ஒரே இடத்தில் ரொம்ப நாள் நின்றுவிட்டால் வெள்ளை அட்டையை எடுத்துவிட்டுச் சிவப்பு மாட்ட வேண்டும். வந்துவிட்டது, போய்விட்டது என்று வாயால் யார் சொன்னாலும் அட்டையைத் தொடக்கூடாது. கண்ணால் பார்த்த பிறகுதான் நகர்த்தலாம். டெலிபோனையும் அவர் விட்டுவைக்கவில்லை. அது முதலாளி அறையில் பூப்போட்ட உறை மாட்டிக்கொண்டு சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது, கல்கத்தாவிலிருந்து டிரங்க்கால் வந்தால் மட்டும் உறை கழலும். அதைத் தூக்கிக்கொண்டு வந்து பலகைக்குக் கீழே வைக்கச் சொன்னார். காலையில் நூல் கடை, சாயங்காலம் ரயில் பார்சல் ஆபீஸ் என்று பலகையைப் பார்த்துக்கொண்டே நாமாகப் பேசிவிட வேண்டும், ஆள் நடந்து போய் விசாரித்து வருவதெல்லாம் இனி இல்லை என்றார்.

சாரதாமணிக்குப் பலகை பிடித்துப்போயிற்று. அது ஆறுதல் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடவில்லை. காலையில் வந்து அட்டைகளை நகர்த்துவாள், டெலிபோனில் பேசுவாள், மறுபடி நகர்த்துவாள். மரத்த கைக்கு ஏற்ற வேலை. தையல்காரர்கள் துணிக்குக் காத்துக்கொண்டு வெற்றிலை மெல்லுவது நின்றது. போகிற போக்கில் எட்டிப் பார்த்த வேலுமணிகூட ஒரு நிமிஷம் பலகை முன்னால் நின்றுவிட்டுத்தான் போனார்.

எல்லா அட்டைக்கும் சரக்கு கிடைத்தது. ஒன்றே ஒன்றுக்குக் கிடைக்கவில்லை. பதினாலு ரோல் பின்னி முடித்து வெளியே போயிருக்கிறது, திரும்பி வரவில்லை. எந்தப் பட்டறைக்கு என்று பின்னல் மாஸ்டர் நல்லானை ஞானசம்பந்தம் கேட்டார். கன்னையன் பட்டறைங்க என்று சொல்லிவிட்டு, மிஷின் கூப்பிட்டது போல நல்லான் வேகமாக உள்ளே போய்விட்டார். தண்டாயுதபாணியின் உயிர் போனது அந்தப் பட்டறையில்தான். அதற்குப் பிறகு அங்கே யாரும் போகவில்லை, ராசியில்லாத இடம் என்று வேலுமணி வேறு பட்டறைக்குச் சலவையை மாற்றிவிட்டார். இதெல்லாம் ஞானசம்பந்தத்துக்கு யாரும் சொல்லவில்லை. பலகைக்கும் தெரியாது. அவர் அந்தப் பதினாலு ரோலையும் அட்டையில் எழுதி, நாள் கடந்துவிட்டதால் சிவப்பாகவே சலவைக் கட்டத்தில் மாட்டினார்.

அந்தச் சிவப்பைப் பார்க்காத மாதிரி எல்லாரும் நடந்துகொண்டார்கள். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள்கூடப் பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அண்ணன் செத்த சந்தடியில் கன்னையன் சரக்கை அமுக்கிவிட்டான், போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம் என்றார் வேலுமணி. முதலில் ரிஜிஸ்டர் தபால் போடலாம் என்றார் ஞானசம்பந்தம். தபாலுக்கெல்லாம் நாள் இல்லை. அந்த வருஷம் நூல் தட்டுப்பாடு, புதிதாகப் பின்னுவதற்கு ஒரு நூல்கண்டுகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பதினாலு ரோல் வந்தால் ஆர்டர் முழுசு, வராவிட்டால் குறை. குறைச் சரக்கைக் கல்கத்தாக்காரர் தொடமாட்டேன் என்று டிரங்க்காலில் சொல்லியாகிவிட்டது. வேலுமணி பின்னல் மிஷின்களைச் சுற்றிவந்து பார்த்தார். எங்கே கொண்டுபோய் நிறுத்தலாம் என்று அளவு பார்க்கிற பார்வை அது.

"நானே போயிட்டு வர்றனுங்க" என்றாள் சாரதாமணி.

குதிரைவண்டி வைத்துக்கொண்டு நொய்யல் ஆற்றங்கரைப் பட்டறைக்குப் போனாள். சிமெண்டுத் தொட்டிகள், கொதிக்கிற அண்டாக்கள், மூக்கைப் பிடுங்கும் பிளீச்சிங் பவுடர் வாடை, கயிறு கயிறாக வெள்ளைத் துணி. அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த கன்னையன் அவளைப் பார்த்ததும் தடியை விட்டுவிட்டார். தண்டாயுதபாணியைவிட மூத்தவர். சரக்கு எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. அவராகவே முன்னால் நடந்து கொட்டகையின் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பலகை அடுக்கி அதன்மேல் ரோல்கள், மேலே தார்ப்பாய், நனையாமல் நாலு பக்கமும் கல் வைத்திருந்தது. தார்ப்பாயை விலக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"அன்னைக்கு வண்டியோடவே வந்தாருங்க. நெஞ்சு கரிக்குது கன்னையா, சித்த படுக்கறேன்னாருங்க. இந்த ரோல் மேலதானுங்க படுத்தாரு. அப்பறம் எந்திரிக்கலீங்க."

அவள் பார்த்தாள். பழுப்புத் துணி. மேலே கிடந்த ரோலில் ஒரு தலை அளவுக்கு எண்ணெய்க் கறை, ஓரம் மஞ்சளாகிப் போயிருந்தது.

"இதை வெளுக்கறதா, ஆத்துல உடறதான்னு எனக்குத் தெரியலீங்கம்மா" என்றார் கன்னையன். "கருமாதிக்கு வந்து உக்காந்திருந்தனுங்க. துக்க ஊட்டுல சரக்குப் பேச்சு எப்படீங்க எடுக்கறது? நீங்களா ஆளு அனுப்புவீங்கன்னு இருந்துட்டனுங்க."

அங்கே கம்பெனியில் இவரைத் திருடன் என்கிறார்கள். இவரோ சொல்ல வாய் வராமல் மழைக்கும் வெயிலுக்கும் தார்ப்பாயை இழுத்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கம்பெனியில் இருப்பவர்களுக்கும் கேட்க வாய் வரவில்லை. மரியாதைக்காக வாயை மூடிக்கொள்வதில் எங்கள் பக்கத்து ஆட்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சாரதாமணி கறையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. வேறொன்றும் இல்லை. இப்போதாவது அழுகை வரும் என்று கொஞ்சம் காத்துக்கூட நின்றாள்.

"இது அவிச்சாப் போயிருங்களா கன்னையண்ணா?"

"சோடா போட்டு ஒரு கொதி உட்டாப் போயிருமுங்க. வேணுமுன்னா இந்த ஒண்ணை மட்டும் எடுத்து வெச்சுட்டு, மிச்சத்தை வெளுக்கட்டுங்களா?"

ஒன்று குறைந்தாலும் ஆர்டர் குறைதான். அவள் கண்முன் பலகைதான் வந்தது, சலவைக் கட்டமும் அந்தச் சிவப்பும்.

"எல்லாத்தையும் போடுங்க" என்றாள். சொன்னபோது குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வண்டியில் திரும்பி வரும்போது நூல்கடைக்குப் பேச வேண்டும் என்பது ஞாபகம் வந்தது.

கன்னையன் கூலியாட்களைத் தூங்கவிடாமல் வெளுத்துக் காயவைத்து வண்டி கட்டிக் கொண்டுவந்துவிட்டார். பூஜைச் சரக்கு குறையில்லாமல் ரயிலேறியது. வேலுமணி அதற்குப்பிறகு மிஷின் பேச்சை எடுத்ததே இல்லை. சலவையும் பழையபடி கன்னையன் பட்டறைக்கே திரும்பிற்று. அதெல்லாம் பின்னால் நடந்தது.

வண்டி வந்த காலையில், கண்ணால் பார்த்துத்தான் அட்டையை நகர்த்த வேண்டும் என்பதால் சாரதாமணி ரோல்களைப் பார்க்கப் போனாள். மேஜையோரம் அடுக்கியிருந்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. எல்லாம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தது. போய் அட்டையை எடுக்க வேண்டியவள், மேலே இருந்த ரோலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடுத்ததை. பிறகு அதற்குக் கீழே இருந்ததை. ஒவ்வொன்றாகக் கொஞ்சம் பிரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கைகள் வேகமாயின. அடுக்கியது சரிந்து தரையெல்லாம் துணியாயிற்று. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்க ஞானசம்பந்தம் வாயெடுத்தார், நல்லான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கன்னையண்ணா, அது எதுங்க?"

வண்டியோடு வந்து நின்றிருந்த கன்னையன் ரோல்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தெரியலீங்கம்மா. எல்லாம் ஒண்ணாப் போட்டு அவிச்சதுங்க. எனக்கே தெரியலீங்க."

தலையணை உறையில் எத்தனை சோடா போட்டாலும் லேசாக ஒரு மஞ்சள் நிற்கும். அதற்காக எத்தனை வருஷம் அவரைத் திட்டியிருப்பாள். இதில் பொட்டுக்கூட நிற்கவில்லை. அவர் தலை வைத்த இடத்தைப் போய்த் தொட்டுப் பார்த்தவள் அவள். இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருக்கும்.

சாரதாமணி துணிக் குவியலின்மேல் அப்படியே உட்கார்ந்தாள். வயிற்றிலிருந்து கிளம்பிய சத்தம் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கொழுந்தனார் இருக்கிறாரா, வேற்று ஆண்பிள்ளைகள் நிற்கிறார்களா என்றெல்லாம் பார்க்காமல், வெளுத்த துணியில் முகத்தை அழுத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சிவப்பு அட்டை சலவைக் கட்டத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கட்டிங் கட்டத்தில் மாட்ட யாரும் போகவில்லை. கட்டிங் மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, அவள் எழுந்திருக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.